நாற்பத்தேழாம் எண் பேட்டரிகள்

9 செப்டம்பர், செவ்வாய்

விடியலில் மழை. எட்டு மணிக்கு விட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.1. பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை மறுபடி நம் கூரையில். மூன்று முறை சொல்லியாயிற்று. நான்காம் முறை சொல்ல மாட்டேன். அரிவாள் இருக்கிறது.

இன்றைய வேலை, வேனின் பேட்டரி. முன்னால் ஒன்று, இன்ஜினைக் கிளப்ப. அதில் குறையில்லை. படுக்கைக்கு அடியில் இரண்டு, நிறுத்திய இடத்தில் விளக்கும் விசிறியும் சின்னப் பிரிட்ஜும் ஓட. இந்த இரண்டையும் என் வீட்டுக்காரர் 'வீட்டுப் பேட்டரி' என்பார். பிப்ரவரியிலிருந்து நோய் இவற்றுக்குத்தான். சார்ஜ் ஏற்றினால் நிரம்பியது போல் காட்டும். பிரிட்ஜைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும்.

8 அக்டோபர் அவருடைய இரண்டாம் திதி. பாலிங் ஆற்றங்கரையில், நாங்கள் வருடா வருடம் வண்டி நிறுத்திய இடத்தில் இருக்க வேண்டும். மார்ச்சில் ஒத்திகையாகத் தனியே போனேன். பொழுது சாய்வதற்குள் பிரிட்ஜ் நின்றது. இன்சுலின் வெதுவெதுப்பு. வேறு வழியில்லாமல் கொழுந்தன் தேவேந்திரனைக் கூப்பிட்டேன். (இனி தே. முழுப்பெயருக்கு மை செலவழிக்க விருப்பமில்லை.) மெர்கோங்கிலிருந்து மனைவி மல்லிகாவோடு வந்து அழைத்துப்போனான். அடுத்த வாரம் கூலிம் கல்யாண மண்டபத்தில், பந்தி நடுவில் அவன்:

"அண்ணி இருட்டுல உக்காந்திருக்காங்க லா, கன்னிமாட சிஸ்டர் மாதிரி. கையில ஊசி, முன்னால காடு."

சிரித்தவர்கள் ஏழு பேர். பெயர்கள் மார்ச் மாதப் பக்கத்தில்.

அதோடு விடவில்லை. வண்டி கிழடாகிவிட்டது, தன்னிடம் கொடுத்தால் பார்த்துக்கொள்வான், என் வயதில் எதற்கு. ரோஷத்தில் ஒரு சொல் விட்டேன். இரண்டாம் திதிக்கு நானே ஓட்டிப் போய், யாரையும் கூப்பிடாமல் இருந்து திரும்பாவிட்டால் சாவி உனக்கு என்று. ஏழு பேர் காதில் விழுந்த சொல். மாற்ற முடியாது.

இன்னும் இருபத்தொன்பது நாள்.

11 செப்டம்பர், வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

பேட்டரிக் கடை குணா வந்தார். நாற்பது வயது. சுத்தமான நகம். நான் நர்ஸாக வேலை பார்த்த பிரசவ வார்டில் பிறந்தவர். இன்றும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார். படுக்கையைத் தூக்கி, பெட்டியைத் திறந்து, பேட்டரியை ஒரு கையால் வெளியே எடுத்தார்.

ஒரு கையால்.

அப்படியே கீழே வைக்கச் சொன்னேன். வாங்கிய அன்று அதை உள்ளே வைக்க என் வீட்டுக்காரரும் லாரி டிரைவருமாக இரண்டு பேர் மூச்சுத் திணறினார்கள். குளியலறைத் தராசைக் கொண்டுவந்தேன். 14 கிலோ. அவருடைய நோட்டில்: 'ஒவ்வொன்றும் 30.'

திருப்பிக் காட்டச் சொன்னேன். அடியில் எண் இல்லை.

கான்வென்ட் விடுதியில் என் சலவை எண் 47. உள்பாவாடை முதல் தலையணை உறை வரை எண் போடாவிட்டால் கன்னியாஸ்திரிகள் துணியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பழக்கம் விடவில்லை. இந்த வீட்டில் கரண்டி, குடை, முறுக்கு டின், எல்லாவற்றின் அடியிலும் 47. என் முதுகில் மட்டும் போடாமல் விட்டாயே என்பார் அவர். அந்த இரண்டு பேட்டரியின் அடியிலும் நீலப் பெயின்டில் நானே எழுதினேன். கைப்பிடிக் கயிறு அவர் உள்ளங்கையை அறுக்கிறது என்று பேண்டேஜ் துணி சுற்றியதும் நான்தான். இதில் பேண்டேஜும் இல்லை.

மேலே ஒட்டியிருந்த தாள் மட்டும் எங்களுடையது. அவர் கையெழுத்து, வாங்கிய தேதி, எல்லாம் சரி. உரித்து எடுத்து இதன்மேல் ஒட்டியிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு வார்டில் எதற்கு அஞ்சினேனோ அது. கைப்பட்டை சரி. படுத்திருப்பது வேறு நோயாளி.

குணா மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"இது காடி பேட்டரி மிஸ்ஸி. யாரோ கார்லேர்ந்து கழட்டிப் போட்டது. ஸ்டார்ட் பண்றப்ப ஒரு அடி பலமா குடுக்கும், அவ்ளோதான். நாள் பூரா பிரிட்ஜ இழுக்கச் சொன்னா செத்துரும்."

இரண்டாவதும் அதே கதை.

வண்டி என் கையை விட்டுப் போனது ஒரே ஒரு முறை. தைப்பூசத்துக்கு தே. ஒரு வாரம் கேட்டு வாங்கிப்போனான். கழுவி, மெழுகு போட்டு, 'சர்வீஸ் பண்ணிட்டேன் அண்ணி' என்று கொண்டுவந்து விட்டான். நன்றி சொல்லி முறுக்கு டின் கொடுத்தேன். டின்னும் திரும்பி வரவில்லை.

ஏழு மாதமாகச் சார்ஜ் போட மறந்துவிட்டேனோ, ஸ்விட்சை அணைக்காமல் விட்டேனோ என்று என்னையே சந்தேகித்தேன். ஞாபக மறதிக்கு டாக்டரிடம் கூடக் கேட்டேன். பேட்டரியை எடுத்ததை விட இதுதான் பெரிது.

15 செப்டம்பர், திங்கள்

தூறல். சர்க்கரை 8.4, கோபம் ஏறினால் இதுவும் ஏறுகிறது.

குணா கடைக்குப் போனேன். புதிதாக வாங்கச் சொல்கிறார். லித்தியம் வந்துவிட்டதாம். கனம் பாதி. அடி மட்டம் வரை வடித்தாலும் தாங்கும். எங்களுடையது ஈய வகை, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எல்லாம் எனக்குத் தெரியும். அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்க நானும் அவரும் மூன்று வாரம் சண்டை போட்டோம். அவருக்குத் தண்ணீர் ஊற்றும் வகை போதும், எஸ்டேட் டிராக்டரில் பார்த்துப் பழகியது. நான் படுக்கும் கட்டிலுக்கு அடியில் ஆசிட் ஆவி விடும் பொருள் கூடாது என்றேன். மூடி முத்திரையிட்டது, கவிழ்ந்தாலும் சிந்தாதது, அதுதான் வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிராணியாக இருந்து நூறு பேரை வேலை வாங்கியவர் கடைசியில் சரி என்றார். பிறகு தான் கண்டுபிடித்ததாக எல்லோரிடமும் சொன்னார்.

குணாவிடம் சொன்னேன், புதிது வேண்டாம். என்னுடையது வேண்டும்.

தே.வைக் கேட்டால் என்ன சொல்வான்? பழசு அண்ணி, தூக்கிப் போட்டேன். முடிந்தது. கேட்கக் கூடாது. முதலில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாங்க: உப்பு, ஊசி முனை, பூனைக்கு மீன்.

20 செப்டம்பர், சனி

பார்த்துவிட்டேன்.

குடும்ப வாட்சப் குழுவில் தே. ஒன்பது படம் போட்டிருக்கிறான். பழைய வேன் ஒன்று வாங்கி எங்களுடையது போலவே கட்டில், பிரிட்ஜ். எங்களிடம் இல்லாதது கரோக்கே பெட்டி. மல்லிகா கையில் மைக்கோடு. ஆறாவது படத்தில் அவள் காலுக்குப் பின்னால், பலகை திறந்த இடத்தில், இரண்டு சாம்பல் நிறப் பெட்டி. கயிற்றில் பேண்டேஜ் துணி. என் முடிச்சு.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன்.

கீழே எழுதினேன்: 'மிக அழகு தம்பி.'

அவன் இரண்டு கையைக் கூப்பிய பொம்மை போட்டான்.

23 செப்டம்பர், செவ்வாய்

நல்ல மழை. வாசல் வரை தண்ணீர்.

மல்லிகா போன் செய்தாள். அவர்கள் மகன் ரூபனுக்குச் சுங்கைப் பட்டாணியில் பெண் கூடிவருகிறதாம். வருகிற முதல் தேதி ஆயுத பூசைக்குப் பெண் வீட்டார் மெர்கோங் வருகிறார்கள். இவர்கள் வசதியைப் பார்க்க என்று அவள் சொல்லவில்லை. வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பூசையாம். நானும் வர வேண்டுமாம். உடனே ஒரு வால்: "அக்கா, நல்ல காரியம் பேசுற இடம்... நீங்க கொஞ்சம் பின்னால உக்காந்துக்குங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொண்டேன்.

பெண்ணின் அம்மாவும் என்னைப் போலக் கான்வென்டில் படித்தவளாம். பெயர் கேட்டேன். கமலவேணி. அப்பா ரயில்வேயில் இருந்தவர்.

போனை வைத்தேன்.

கமலவேணி. எண் 52. விடுதியில் நான் ஐந்தாம் படிவ வகுப்பு, அவள் முதல் படிவம். சனிக்கிழமை தோறும் சலவை வந்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொரு துணியாகத் திருப்பி எண்ணை உரக்கப் படிப்பாள். நான் பேரேட்டில் குறி போடுவேன். ஒரு வருடம் முழுக்க. அதற்குப் பிறகு பார்த்ததில்லை, ஐம்பத்து மூன்று ஆண்டு.

அவள் நம்பரைக் கேட்டு வாங்கி முன்பே சொல்லிவைக்கலாம். மாட்டேன். சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

29 செப்டம்பர், திங்கள்

சர்க்கரை 7.3.

தயார்:
வெள்ளைத் துணி ஒன்று, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. மூலையில் 47.
கதர்ப் புடவை, சாம்பல்.
மீட்டர், கைப்பையில்.
அவருடைய நோட்டு.

ஒரே கவலை. பேட்டரியின் அடியில் அவன் சுரண்டியிருந்தால்? திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை அவன். எதையும் மேலாகப் பார்த்தே அறுபத்து நான்கு வயது ஆகிவிட்டது. ஆனாலும் கவலை.

இன்னொன்று, நான் பொய் சொல்லப் போவதில்லை. பொய் சொல்லிப் பழி தீர்ப்பது தரக்குறைவு.

1 அக்டோபர், புதன்

மெர்கோங். போகும்போது நல்ல வெயில். நானே ஓட்டினேன், சின்னக் காடியில்.

வாசலில் ஐந்து வண்டி. வாழைக்கன்று, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. நடுவில் தே.யின் வேன், மணப்பெண் மாதிரி. என்னைப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கம். நல்லது, அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

கமலவேணி தலை நரைத்து, கனத்து, கண் மட்டும் அதே கண். என்னை அவள் கவனிக்கவில்லை. புருஷன் லாரி வைத்திருப்பவர், பெரிய கை, சிரித்த முகம். பெண் வரவில்லை.

தே. கத்தி, ஸ்பேனர், துரப்பணம் எல்லாவற்றையும் இலையில் வைத்துச் சந்தனம் தெளித்தான். சூடம் ஏற்றப் போகிறபோது பின்னாலிருந்து சொன்னேன். குரல் எழுப்பவில்லை, வார்டுக்குப் போதும் குரல்.

"தம்பி, அண்ணன் வருஷா வருஷம் வீட்டுப் பேட்டரியையும் இறக்கி இலையில வைப்பாரே. மறந்துட்டீங்களா?"

உண்மை. ஒவ்வோர் ஆண்டும் வைப்பார்.

அவன் முதலில் வேனைப் பார்த்தான். பிறகு சிரிப்பு. கனம் அண்ணி, எதுக்கு, நேரமாச்சு. ஆனால் லாரிக்காரருக்குப் பிடித்துவிட்டது. பேட்டரிதானே வண்டிக்கு உயிர், வைக்கத்தான் வேண்டும் என்று சட்டைக் கையை மடித்தார். சம்பந்தி ஆகப் போகிறவர். அவரை எப்படி மறுப்பான்? அவரும் ரூபனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேண்டேஜ் கயிறு அழுக்கேறி, மஞ்சளாகி.

"அடியில தூசி இருக்கும். சாமி முன்னால வைக்கிறது, தொடச்சிட்டு வைங்க," என்று எழுந்து போய் வெள்ளைத் துணியைக் கமலவேணி கையில் கொடுத்தேன். முன்னால் வந்தேனே என்று மல்லிகா முறைத்தாள். கவலையில்லை.

அவர்கள் சாய்த்துப் பிடித்தார்கள். கமலவேணி குனிந்தாள். துடைத்தாள். நின்றாள். பேட்டரியின் அடியைப் பார்த்தாள். துணியின் மூலையைப் பார்த்தாள். பிறகு நிமிராமலே, ஸ்டூல் மேல் நின்ற அதே ராகத்தில்:

"ஃபார்ட்டி செவன்."

ஐம்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு என் வாய் தானாகவே சொன்னது: "ப்ரெசன்ட்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா?" என்றாள். வேறு எதுவும் கேட்காமல், இரண்டாவதையும் கொண்டுவரச் சொன்னாள் கணவரிடம். அதையும் சாய்த்தார்கள்.

"ஃபார்ட்டி செவன்."

இப்போது எல்லோரும் தே.யைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. துணியை நான்காக மடித்துக்கொண்டிருந்தேன்.

"அது... அண்ணன் குடுத்தது லா. போன வருஷம் தீபாவளிக்கு. கையில குடுத்தாரு."

 ரூபன், மெதுவாக:

"அப்பா. பெரியப்பா அப்ப உயிரோட இல்ல."

கற்பூரம் தட்டிலேயே இருந்தது. ஏற்றவில்லை.

ரூபன் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி என் காடியில் வைத்தான்.  காது மட்டும் சிவப்பு. கதவை மூடும்போது, "பெல்ட் போட்டுக்குங்க பெரியம்மா," என்றான். அப்பாவின் ரத்தம் முழுதாக இறங்கவில்லை.

மல்லிகாவிடம் விடைபெறும்போது முறுக்கு டின்னைக் கேட்டேன். கொடுத்தாள்.

சாப்பிடாமல் கிளம்பினேன். வழியில் குருணில் தோசை. இரண்டு.

2 அக்டோபர், வியாழன்

மேகம். சர்க்கரை 6.2. மூன்று மாதத்தில் இதுதான் குறைவு.

பேட்டரியின் முனைகளில் சந்தனம், வேனுக்குப் பூசும்போதே அவன் தடவியிருக்கிறான். ஈரச் சந்தனம், குங்குமம், பூ இதழ் வேறு. உலோகத்தில் ஈரத்தை வைத்தால் களிம்பு ஏறும் என்று தெரியாத ஆளுக்குக் கேம்பர் வேன். சுத்தம் செய்ய முக்கால் மணி.

குணா வந்தார். நோயாளி 1: ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு 12.7. பலம் இருக்கிறது. நோயாளி 2: 10.5. சார்ஜ் ஏறவில்லை. பாதிக் கோடு 12.2, அதற்குக் கீழே இறக்கவே கூடாது என்று நோட்டில் அவர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அவன் கரோக்கே பாடியே அடி வரை வடித்திருக்கிறான்.

"ஒண்ணு பொழைச்சிரும் மிஸ்ஸி. இன்னொண்ணு போயிருச்சு."

ஜோடிக்குப் புதிது ஒன்று வாங்கலாமா என்று நானே கேட்டேன். பதிலும் எனக்கே தெரியும், நோட்டில் இருக்கிறது. பழையதோடு புதியதைச் சேர்க்கக் கூடாது. இளைத்தது தேறியதையும் கீழே இழுக்கும். ஒன்றை மட்டும் வைத்து, சுமையைக் குறைத்து ஓட்டலாம் என்றார் குணா. முடியும் என்றார்.

முடியும்.

நோயாளி 2ஐ வெளியே போடவில்லை. கொட்டகையில். எண்ணோடு.

4 அக்டோபர், சனி

கமலவேணி போன். முக்கால் மணி நேரம். முதல் அரை மணி கன்னியாஸ்திரிகள், அவித்த முட்டைக்கோஸ், இறந்தவர்கள். பிறகுதான் விஷயம். கணவருக்கு மனம் விட்டுப்போயிற்றாம். அண்ணன் பொருளையே எடுத்தவன் வீட்டில் பெண் கொடுப்பதா. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவாம்.

என் கையில் வந்து விழுந்தது. ஒரு சொல் போதும்.

மார்ச் மாதப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். சிரித்த ஏழு பேர் பெயரில் ரூபன் இல்லை. அன்று இலை எடுத்துக்கொண்டிருந்தான்.

சொன்னேன்: "பையன் நல்லவன். பொண்ணக் குடு. சாமான் குடுக்காத. குடுத்தா நம்பர் போட்டுக் குடு."

அவள் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது.

ஒரு நிபந்தனை போட்டேன். பெண் ரூபனிடம் சொல்லட்டும், இன்றே. தே.யிடம் மட்டும் ஒன்பதாம் தேதி வரை ஒரு பதிலும் வேண்டாம். ஏழு மாதம் என்னை என் மூளையையே சந்தேகிக்க வைத்தான். ஐந்து நாள் அதிகமில்லை.

மாலை ரூபனிடமிருந்து செய்தி: 'தேங்க்ஸ் பெரியம்மா. அப்பாகிட்ட சொல்லல.'

6 அக்டோபர், திங்கள்

காலை பனி போல் தூறல். ஒன்பதுக்கு வெளுத்தது.

ஒற்றைப் பேட்டரிக் கணக்கு:
பிரிட்ஜ், குறைந்த குளிரில். தவிர்க்க முடியாது.
விசிறி, படுக்கும்போது மட்டும்.
விளக்கு ஒன்று, சின்னது.
ரேடியோ இல்லை.
கூரைச் சோலார் தகடு வெயிலில் தருவது லாபம்.

தே. ஆறு முறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

சாவி என் இடுப்பில்.

7 அக்டோபர், செவ்வாய்

பாலிங். பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தேன். கூலிம் தாண்டி ஒரு லாரி முன்னே போகவிடாமல் படுத்தியது தவிர ஒன்றுமில்லை. ஆறு கலங்கல். ரப்பர் காட்டிலிருந்து காய் வெடிக்கும் சத்தம். இடத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மாள் என்னை நினைவு வைத்திருந்தாள். "சொராங் சஜா?" என்றாள். ஆமாம், ஒருத்திதான் என்றேன். அவள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள்.

நண்பகல் 12.8. மாலை ஆறு 12.6. பிரிட்ஜ் உள்ளே நான்கு டிகிரி. மார்ச்சில் இதே நேரம் நின்றது. இன்று நிற்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை காதை வைத்துக் கேட்டேன், வார்டில் குழந்தை மூச்சைக் கேட்பது போல.

செய்தி ஒன்பது. எல்லாம் தே. 'அண்ணி, வண்டி உங்களுதுதான், நான் கேக்கவே மாட்டேன்.' 'அண்ணி, அவங்க போன் எடுக்க மாட்றாங்க.' மல்லிகா தனியாக ஒன்று: 'அக்கா முன்னாலயே உக்காருங்க எப்பவும்.'

8 அக்டோபர், புதன்

திதி. காலை வெயில், காற்றில்லை. சர்க்கரை 6.4. பேட்டரி 12.4.

ஆற்றங்கரையில் இலை போட்டேன். புரட்டாசி, அதனால் அவருக்குப் பிடித்த சார்டின் சம்பல் இல்லை. கத்தரிக்காய், அப்பளம், பாயசம். பொறுத்துக்கொள்வார். காகம் வரவில்லை, குரங்கு வந்தது. அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

நோட்டில் அவர் விட்ட இடத்துக்குக் கீழே இன்றைய வோல்ட்டை எழுதினேன். என் கையெழுத்து சிறியது. பொருந்தவில்லை, இருக்கட்டும்.

மதியம் 12.7. தகடு நன்றாக வேலை செய்கிறது.

செய்தி பதினான்கு. கடைசி இப்போதுதான்:

'அண்ணி, உங்க கால்ல விழறேன். சம்பந்திகிட்ட ஒரே ஒரு வார்த்தை. போனையாச்சும் எடுங்க.'

போனில் சார்ஜ் 4 சதவீதம். ஒயர் கையெட்டும் தூரத்தில். அதற்கு ஓர் ஆம்பியர் கூட ஆகாது.

பிரிட்ஜ் ஓடுகிறது. விசிறியும் போட்டுக்கொண்டேன், பகலிலேயே.

போன் 3.